மூன்றாம் வளையத்தில் குடியிருப்பவர்

கொம்னே என்ற மலைச் சுரங்க ஊரில் தக் ஓக்புன்னின் வீட்டுப் பெரிய அறையில், சமையலறைச் சுவரை ஒட்டி ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும் தரை சில்லென்று இருந்தது. அதைச் சுற்றி நாலா பக்கமும் நல்ல சூடு. வெறுங்காலோடு நடந்துவந்தால் அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கால் திடுக்கிட்டுப் பின்வாங்கும். இரண்டு எட்டு தள்ளி வைத்தால் மறுபடி சூடு.

அவள் கணவர் பியோன் தல்சு முப்பது வருஷமாகப் படுத்த இடம் அது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நுரையீரலில் கரித்தூள் படிந்து, மூச்சுக்குத் தவித்து, சென்ற ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். அதன்பின் வெயில் காலம். தரையைச் சூடாக்க வேண்டிய தேவை வரவில்லை. அக்டோபர் கடைசியில் முதல் உறைபனி விழுந்த அன்று ஓக்புன் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தி பாய்லரை ஓடவிட்டாள். அறை முழுக்கச் சூடேறியது, அவர் இடத்தைத் தவிர.

அது மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஆறு மணி ஆனதும் அந்தக் குளிர்ந்த இடத்துக்கு அடியிலிருந்து ஓர் இருமல் வந்தது. முதலில் களக் என்று ஒன்று. சற்று இடைவெளி. பிறகு களக் களக் என்று இரண்டு. கடைசியில் சளியை விழுங்குவதுபோல ஒரு நீண்ட இழுப்பு. தல்சு இருமுவது அப்படியேதான்.

"இருக்கீங்களா?" என்று கேட்டாள் ஓக்புன்.

தரை பதில் சொல்லவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி இருமியது.

இந்த ஊர்த் தரைகளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவள் குழப்பம் விளங்கும். முன்காலத்தில் சமையலறை அடுப்பின் புகை, அறைத் தரைக்கு அடியில் கற்களுக்கு நடுவே ஓடி மறுபக்கப் புகைபோக்கி வழியாக வெளியேறும். அடுப்புக்கு மிக அருகில் இருக்கும் கல்தான் அதிகம் சுடும். வீட்டுக்குப் பெரியவர் அங்கே படுப்பார். நேரங்கழித்து வருபவர்களின் சோற்றுக் கிண்ணத்தைப் போர்வையில் சுற்றி அந்தக் கல்லின்மேல்தான் வைப்பார்கள். விறகு போய், கரித்தூளை அழுத்திச் செய்த கரிவில்லை வந்தது. இருபது வருஷத்துக்கு முன் கரிவில்லையும் போய்த் தண்ணீர் வந்தது. இப்போது பின்கட்டுக் கொட்டகையில் ஒரு பாய்லர் இருக்கிறது. மண்ணெண்ணெய் எரிந்து தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தத் தண்ணீர் பித்தளைப் பிரிப்பான் ஒன்றுக்கு வந்து நான்கு குழாய்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு குழாயும் தரைச் சிமென்டுக்குள் முறுக்குப் பிழிந்ததுபோல வளைந்து வளைந்து ஓடிச் சூட்டையெல்லாம் தரைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய தண்ணீரோடு பாய்லருக்குத் திரும்புகிறது. பெரிய அறையின் சமையலறைச் சுவரோரம், தல்சு படுத்த இடத்துக்கு அடியில் மட்டும் வளையமாக ஓடுவது மூன்றாம் குழாய்.

ஆக, தரைக்குத் தெரிந்தது தண்ணீர் ஒன்றுதான். அதை எது காய்ச்சியது என்று தரை கேட்பதில்லை. இது மிகச் சின்ன விஷயம். ஆனால் கொம்னேயில் எல்லோரும் நெருப்புத் தரையில் தவழ்ந்து வளர்ந்தவர்கள். தரை குளிர்ந்தால் எரிபொருளில் கோளாறு என்பது அவர்கள் எலும்பிலேயே ஊறிப்போயிருந்தது. மாவட்ட அலுவலகம் அந்த எலும்பின்மேல் ஒரு துறையையே கட்டியிருந்தது.

அதன் பெயர் எரிபொருள் மாற்றத் துறை. அந்த இலையுதிர் காலத்தில் அது ஓர் அறிவிப்பு ஒட்டியது. நவம்பர் இருபத்திரண்டுக்குள் ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு நிலையான எரிபொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காத வீடும், தேர்ந்தெடுத்தும் தரையில் ஓரிடமாவது சூடேறாத வீடும் 'வெப்பம் எட்டாத வீடு' எனப்படும். அதில் இருப்பவர்களைப் பனி விழுமுன் 'கதகதப்பு இல்லத்துக்கு' அனுப்பிவிட்டு வீட்டை இடித்துவிடுவார்கள்.

கதகதப்பு இல்லம் என்பது பழைய சுரங்க மருத்துவமனையின் மூன்றாம் மாடி. தல்சு கடைசி இரண்டு மாதம் இருமியது அங்கேதான். அந்தப் படிக்கட்டில் இன்னொரு முறை ஏறுவதில்லை என்று ஓக்புன் தீர்மானித்திருந்தாள்.

*

எரிபொருள் விளக்கக் கூட்டம் மாவட்ட அலுவலகப் பெரிய மண்டபத்தில் நடந்தது. ஓக்புன் தன் பக்கத்து வீட்டுக்காரியான போங்சிக் அம்மாவோடு போனாள். அந்த ஊரில் பெண்களைப் பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள்; ஓக்புன் அவர்களுக்குச் சங்யூ அம்மா. வாசலில் ஆளுக்கொரு கைத்துண்டு கொடுத்தார்கள். 'சூடான தரை, சூடான மனம்' என்று அதில் அச்சடித்திருந்தது. மண்டபம் சில்லென்று இருந்தது. மண்டபம் எந்த எரிபொருளுக்கு மாறுவது என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

முதலில் கொடி வணக்கம். பிறகு தேசிய கீதம். பிறகு நாட்டுக்காக உயிர்நீத்தவர்களுக்கு மௌன அஞ்சலி. அது முடிந்து எல்லோரும் உட்காரப்போகையில் ஒலிபெருக்கி தடுத்தது.

"இயக்குநர் அவர்களின் சிறப்பு ஆணைப்படி, ஓய்வுபெற்ற எரிபொருள்களுக்கும் ஒரு நிமிட மௌனம்."

மறுபடி நின்றார்கள். மேடைத் திரையில் விறகுக்கட்டு ஒன்றின் படம் கறுப்பு ரிப்பனோடு தெரிந்தது. அடுத்து இருபத்திரண்டு துளைகொண்ட கரிவில்லை. போங்சிக் அம்மா குனிந்த தலையோடு கிசுகிசுத்தாள்.

"இந்தக் கரிவில்லைப் புகைதான் என் மாமியாரைக் கொன்னுது. இப்ப அதுக்கு நான் அஞ்சலி பண்றேன். கிழவி பாத்தா சிரிப்பா."

துறையின் குழுத்தலைவர் கி யோங்ஜோ மேடையேறினார். ஐம்பது வயது, பஞ்சு வைத்த அரைக்கோட்டு, கன்னத்தில் எப்போதும் கொஞ்சம் மகிழ்ச்சி.

"போன வருஷம் பக்கத்துப் பள்ளத்தாக்குல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வீடு மாத்தினோம். மிச்சம் ரெண்டு வீட்டுல ஆளே இல்ல. அவங்ககூட எதிர்ப்புத் தெரிவிக்கல. அப்படிப் பாத்தா நூறு சதவீதம்னே சொல்லலாம். நான் சொல்லல. அடக்கம்."

கைதட்டினார்கள்.

"மாத்தினதுக்கப்புறம் வீடு சூடாச்சான்னு சிலர் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா சூடு நம்ம துறை இல்ல. சூடு, நலத்துறை. நம்மது எரிபொருள். ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் மூக்க நுழைக்கக் கூடாது."

மண்டபத்தைச் சுற்றி மேசை மேசையாக எரிபொருள்கள் உட்கார்ந்திருந்தன. ஓக்புன் ஒவ்வொரு மேசையிலும் தன் குளிர்ந்த இடத்தைச் சொன்னாள். மரத்தூளை அழுத்திச் செய்த கட்டை வில்லை விற்பவர், மண்ணெண்ணெய்ச் சூடு மேலோட்டமானது, மரத்தின் சூடுதான் ஆழமாக இறங்கும் என்றார். மின்சாரக்காரர், தீ எரியும் எந்தச் சூடும் ஒழுங்காகப் பரவாது, மின்சாரச் சூடு படித்த சூடு என்றார். எரிவாயு உருளைக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய் வீடுகளில் இப்படி ஓரிடம் செத்துப்போவது சகஜம் என்றார். ஊர்க் குழாய் எரிவாயு மேசையில் இருந்தவர் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"குழாய் மலையைத் தாண்டி வர எட்டு வருஷம் ஆகும்மா. ஆனா இப்பவே தேர்ந்தெடுக்கலாம். அதுவரைக்கும் குளிரும். சரியான வரிசையில நின்னு குளிருவீங்க."

"இந்த எட்டு வருஷமும் என்ன எரிக்கிறது?"

"நம்பிக்கையை." சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுக் குனிந்து, அவளுக்கு இன்னொரு துண்டு கொடுத்தார்.

வெளியே வருகையில் போங்சிக் அம்மா கேட்டாள். "உங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அந்த இடம் சூடாத்தானே இருந்துச்சு?"

"மத்த இடத்தவிட ஒரு படி மேல. இருபது வருஷமும்."

"அவரு போனதும் ஆறிப்போச்சு."

"ஆமா."

"அப்ப உங்களுக்கு எரிபொருள் வேணாம், சங்யூ அம்மா. பூசாரிதான் வேணும்."

ஓக்புன் சிரிக்கவில்லை. அன்று மாலை இரவுச் சாப்பாட்டுக்குச் சோறு வடித்தவள், ஒரு கிண்ணத்தைப் போர்வையில் சுற்றி அந்தச் சில்லென்ற இடத்தில் வைத்தாள். ஆறு மணிக்கு இருமல் கேட்டது. ஏழு மணிக்குக் கிண்ணத்தைத் தொட்டால் சோறு கல்லாகக் குளிர்ந்திருந்தது. அதை அவளே சாப்பிட்டாள்.

*

அடுத்த வாரம் வீட்டைச் சோதிக்க கி யோங்ஜோ வந்தார். கூடவே வெப்பம் காட்டும் கேமராவோடு மோ ஹேரான் என்ற பெண் அலுவலர். ஹேரான் கேமராவைத் தரையை நோக்கித் திருப்பினாள். திரையில் அறை முழுக்கப் பழுத்த பேரிக்காய் நிறம். சமையலறைச் சுவரோரம் மட்டும் நீலமாய் ஓர் உருவம். தலை சுவர்ப் பக்கம், உடல் நேராக, ஒரு முழங்கால் கொஞ்சம் மடங்கி.

மூவரும் திரையைக் குனிந்து பார்த்தார்கள்.

"யாரும்மா இது?" என்றார் கி.

"அங்க யாருமில்லீங்க சார்."

"படத்துல இருக்காரே."

"அது... என் வீட்டுக்காரர் படுக்கற இடம்."

கி தன் கையேட்டைப் புரட்டினார். "பியோன் தல்சு. சரியாத்தான் இருக்கு. குடியிருப்பவர் ரெண்டு பேர்னுதான் எங்க பட்டியல்லயும் இருக்கு."

தல்சுவின் சாவு மறுநாளே ஓய்வூதியத் துறைக்குப் போய்விட்டது. பணம் அன்றோடு நின்றது. மருத்துவத் துறையும், தேர்தல் துறையும், சுரங்க நிவாரணத் துறையும் ஒரே வாரத்தில் அவரைக் கைகழுவின. எரிபொருள் மாற்றத் துறையின் பட்டியல் மட்டும் பழைய கரிவில்லை விநியோகப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. அதில் இறப்புக்குக் கட்டமே கிடையாது. அந்த ஓர் ஏட்டில் தல்சு இன்னும் குளிருக்குப் பயந்துகொண்டு உயிரோடு இருந்தார்.

அவர் செத்துவிட்டார் என்று ஓக்புன் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஏழு மாதத்தில் அவள் போன எல்லா அலுவலகங்களிலும் அவர் பெயரை வெட்டித்தான் தந்தார்கள். இங்கே ஒருவர் கையேட்டைப் பார்த்து, சரியாத்தான் இருக்கு என்கிறார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஹேரான் மட்டும் தயங்கினாள். "சார், கேமரால மனுஷங்க சூடாத் தெரிவாங்க. இது நீலம்."

"குளிருது அவருக்கு. அதுக்குத்தானே நாம வந்திருக்கோம்." கி குறித்துக்கொண்டார். "ஒரு குடியிருப்பவர் வெப்பம் எட்டாத நிலையில். இது கடுமையான விஷயம்மா. அவர் கருத்தைக் கேக்காம இந்த வீட்டுக்கு எரிபொருள் முடிவு பண்ண முடியாது. சட்டத்துல, குடியிருக்கற எல்லாரோட கருத்தும்னு தெளிவா இருக்கு. எழுந்திரிக்க முடியாதவங்களுக்காக நாங்களே நேர்ல வருவோம். அதுதான் எங்க சேவை."

*

கருத்துக்கேட்பு நவம்பர் இருபதாம் தேதி மாலை. ஐந்து அலுவலர்கள் வந்தார்கள். செருப்பைக் கழற்றி, வரிசையாக வாசலில் வைத்து, உள்ளே வந்து குளிர்ந்த இடத்தைச் சுற்றி மெத்தைகள் போட்டு உட்கார்ந்தார்கள். மெத்தையின் ஓரம் அந்த எல்லையைத் தொடாதபடி எல்லோரும் தங்களையறியாமல் கால்களை மடக்கிக்கொண்டார்கள். ஓக்புன் வாற்கோதுமைத் தேநீர் கொண்டுவந்தாள். கி ஒரு கோப்பையை எடுத்து, மரியாதையாக இரண்டு கைகளாலும், நடுவில் யாருமில்லாத தரையில் வைத்தார்.

"பியோன் தல்சு அவர்களே, சிரமப்படுத்தறதுக்கு மன்னிக்கணும். மண்ணெண்ணெய் உங்களுக்குத் திருப்தியா இருக்கா?"

அலுவலர்களில் ஒருவர் குறிப்பெழுதப் பேனாவைத் திறந்தார்.

"பதில் சொல்லலன்னா சம்மதம்னு எடுத்துக்கலாமா சார்?" என்றார் குறிப்பெழுதுபவர்.

"எதுக்குச் சம்மதம்னு முதல்ல தெரியணும். கட்டை வில்லைக்கு மாறச் சம்மதமா? மின்சாரத்துக்கா?" என்றார் கி.

அப்போது மணி ஆறு. தரைக்கு அடியில் களக் என்றது. சற்று இடைவெளி. களக் களக். பிறகு அந்த நீண்ட இழுப்பு.

தேநீரின் மேல் சின்ன வட்டங்கள் எழுந்து அடங்கின. ஒருவர் மெத்தையோடு பின்னுக்கு நகர்ந்தார். ஹேரானின் முகம் வெளுத்துவிட்டது. ஓக்புன் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் பயம் இல்லை. அந்த நேரத்துக்காகவே அவள் பகல் முழுக்கக் காத்திருப்பாள்.

குறிப்பெழுதுபவர் 'இருமினார்' என்று எழுதினார்.

"எத்தன தடவ?" என்றார் கி.

"மூணு. கடைசில ஒரு இழுப்பு."

"இருமல்ங்கறது மண்ணெண்ணெய்க்கு எதிர்ப்பா, இல்ல மின்சாரத்துக்கு எதிர்ப்பா?"

அரைமணி நேரம் வாதாடினார்கள். சுரங்கக்காரர்கள் எல்லாவற்றுக்கும் இருமுவார்கள், அதைக் கருத்தாக எடுக்க முடியாது என்றார் ஒருவர். அப்படியென்றால் இந்த ஊரில் யாரிடமும் கருத்துக் கேட்க முடியாது என்றார் இன்னொருவர். கடைசியில் கி முடிவு சொன்னார்.

"வாய்மொழி தெளிவா இல்ல. அவர் கையெழுத்துல எரிபொருள் பத்தி ஒரு வரி இருந்தாப் போதும். எப்ப எழுதினதா இருந்தாலும் பரவால்ல. நாளன்னைக்குக் காலைல பதினொரு மணிக்கு வரேன். இல்லேன்னா கருத்து வேறுபாடுள்ள வீடுன்னு மூடி சீல் வைக்கறதத் தவிர வேற வழியில்ல. உங்க ரெண்டு பேருக்கும் கதகதப்பு இல்லத்துல பக்கத்துப் பக்கத்துப் படுக்கை ஏற்பாடு பண்றேன்."

போகும்போது ஹேரான் வாசலில் தங்கி, மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அவரு இல்லதானே?"

"உங்க பட்டியல்ல இருக்காரேம்மா" என்றாள் ஓக்புன்.

*

மறுநாள் காலை அவள் கையெழுத்துத் தேடினாள். தல்சு எழுதும் ஆள் இல்லை. அலமாரியில், இழுப்பறையில், மருந்துப் பைகளில், எங்கும் அவர் எழுத்து இல்லை. பாக்கி இருந்தது பின்கட்டுக் கொட்டகை. அது ஒரு காலத்தில் கரிவில்லை அடுக்கும் இடம். விஷப்புகை தங்கும், நீ வராதே என்று அந்த நாளில் சொன்னவர், பாய்லர் வந்தபின்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கொரு முறை, குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளில், அக்கம்பக்கப் பெண்களெல்லாம் முற்றத்தில் முட்டைக்கோசோடு உட்கார்ந்திருக்கையில், அவர் நைசாக அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மணி நேரம் கழித்துச் சட்டைக் கையும் முழங்காலும் நனைந்து வெளியே வருவார். தனியாகச் சோஜுச் சாராயம் குடித்து, பாதியை மேலே கொட்டிக்கொள்கிறார் என்று பெண்கள் சிரிப்பார்கள். ஓக்புன்னும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கொட்டகையில் பாட்டில் எதுவும் இல்லை. சுவரில் ஓர் ஆணியில் சுருட்டிய ரப்பர்க் குழாய். கீழே ஒரு பழைய கிம்ச்சித் தொட்டி, உட்பக்கம் துருக்கறை. வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்துவைத்து உள்ளே திரும்பியவள், கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். சுரங்க வாயிலில் கணக்குக் குறிப்பதுபோலச் சாக்கட்டியில் வரிசையாக எழுதியிருந்தது. மேலே முதல் வரி மட்டும் நீளம்.

'மூன்றாவதில் காற்று. அடுப்புக்கல்லின் மேல் குழாய் ஒரு விரல் மேடு ஏறுகிறது. காற்று அங்கே போய் நிற்கிறது. சங்யூ அம்மாவுக்குத் தெரிந்தால் கல்லை உடைக்கச் சொல்வாள்.'

அதற்குக் கீழே இருபது தேதிகள். ஒவ்வொன்றுக்கும் நேரே: '3. காற்று எடுத்தேன்.' எல்லாம் கிம்ச்சி போட்ட நாள்கள். கடைசித் தேதிக்கு எதிரே எழுத்து சரிந்துபோயிருந்தது. '3. எடுத்தேன். இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது.'

ஓக்புன் கிம்ச்சித் தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

குழாய் போட்ட வருஷம் அந்தக் கல்லுக்காக அவர்கள் பெரிய சண்டை போட்டார்கள். பழைய தரையில் அதிகம் சுட்ட கல் அது. ஓர் ஆள் நீளம், ஒரு மூலை உடைந்தது. கேமராவில் மடங்கிய முழங்காலாகத் தெரிந்தது அந்த மூலைதான். எல்லாக் கல்லையும் பெயர்த்துவிட்டுத் தரையை மட்டம் செய்யச் சொன்னாள் அவள். அப்பா படுத்த கல், தொடவிட மாட்டேன் என்று அவர் அதன்மேல் படுத்தே விட்டார். "இந்தக் கல்லால ஒரு நாள் தொந்தரவு வரட்டும், உங்க தலையிலேயே போட்டு உடைக்கறேன்" என்று அவள் சொன்னாள். அதற்குப் பயந்து மனுஷர் இருபது வருஷம், ஒரு வார்த்தை பேசாமல், அந்தக் கல்லைச் சண்டையில் தோற்கவிடாமல் பார்த்துக்கொண்டார்.

இப்போது எல்லாம் விளங்கியது. புதுத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றும் குழாயில் வரும். காற்று எப்போதும் மேடு தேடும். மூன்றாம் குழாயின் மேடு கல்லின்மேல். காற்று அடைத்துக்கொண்டால் சுடுதண்ணீர் அதைத் தாண்டாது. எனவே கல் குளிரும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவர்ப் பொத்தானிலுள்ள கடிகாரம் தானாக பாய்லரை எழுப்பும். பம்பு தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் காற்றை முட்டும். களக்.

மண்ணெண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மரத்துக்கோ மின்சாரத்துக்கோ இல்லை. எட்டு வருஷம் கழித்து மலையைத் தாண்டி வரப்போகும் எரிவாயு வந்தாலும் அதுவும் இந்த மேட்டில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவள் அந்தக் கல்லின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். களக் என்றது. காற்று என்று தெரிந்த பின்னும் அது அவராகவே இருந்தது. அவர் நெஞ்சிலும் கடைசியில் அடைத்துக்கொண்டு நின்றது இதுதானே. எடுத்துவிட்டால் வீடு மிஞ்சும். ஆனால் நாளைக்கு ஆறு மணிக்கு ஒன்றும் கேட்காது. எடுக்காவிட்டால் சீல் வைத்த வீட்டுக்குள் அவர் பாட்டுக்கு இருமிக்கொண்டிருப்பார். அவள் மருத்துவமனை மாடியில் கிடப்பாள். பிறகு இடிக்கும் இயந்திரம் முதலில் உடைப்பது இந்தக் கல்லாக இருக்கும்.

"நீங்களே ஒவ்வொரு வருஷமும் எடுத்து எறிஞ்சதத்தானே நான் கட்டிட்டு அழறேன்" என்றாள்.

*

இருபத்திரண்டாம் தேதி விடிந்ததும் கொட்டகைக்குள் போனாள். கதவு சொல்லாத மிச்சத்தைப் பிரிப்பானின் கைப்பிடிகள் சொல்லின. இருபது வருஷமாக அவர் திருகிய கைப்பிடிகள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தன. மற்றவை துரு. தேய்ந்தவற்றைத் திருகினால் போதும். ரப்பர்க் குழாயை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் அமிழ்த்தி, பிரிப்பானின் ஓரத்தில் தண்ணீரை வெளியே விடும் வடிகுழாயின் கைப்பிடியில் கை வைத்தாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு திறந்தாள்.

குழாய் அவள் கையில் இருமியது. தொட்டியில் பெரிய பெரிய குமிழிகள் பொங்கின. கரியைக் கரைத்ததுபோலக் கறுப்புத் தண்ணீர் வந்தது. மறுபடி இருமல், நீண்ட ஒன்று. பிறகு சின்னக் குமிழிகள். பிறகு ஒன்றிரண்டு. பிறகு தெளிந்த தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் ஓடியது.

அவள் இன்னும் கொஞ்சம் நேரம் காத்திருந்தாள். வேறு எதுவும் வரவில்லை. மூடினாள். மற்றக் கைப்பிடிகளைத் திறந்து, பாய்லரை மறுபடி ஓடவிட்டாள். சட்டைக் கையும் முழங்காலும் நனைந்திருந்தன.

பதினொரு மணிக்கு கி யோங்ஜோவும் ஹேரானும் வந்தபோது கேமராவில் அறை முழுக்க ஒரே பேரிக்காய் நிறம். சமையலறைச் சுவரோரம் மட்டும் மற்றதைவிட ஒரு படி சிவப்பு.

"அவர் எங்க?" என்றார் கி.

"போயிட்டாருங்க."

"எப்ப?"

"காலைல. கொட்டகை வழியா."

"இடம்பெயர்வு அறிவிப்பு குடுக்காமயே போயிட்டாரா?" கி வருத்தமாகத் தலையசைத்தார். "சரி, குடியிருப்பவர் ஒருத்தர். எரிபொருள் என்ன?"

"அதே மண்ணெண்ணெய்."

"அது மாற்றம் இல்லையேம்மா. மாத்தாத வீட்டை நான் எப்படி மாத்தின வீட்டுக் கணக்குல சேக்கறது? படிவத்துல முன், பின்னு ரெண்டு கட்டம் இருக்கு. ரெண்டும் வேற வேறயா இருக்கணும். என்னதான் மாத்தினீங்க?"

"குழாய்ல காத்து இருந்துச்சு. எடுத்துட்டுத் தண்ணி விட்டேன்."

கி யோசித்தார். ஹேரான் அவரை முந்திக்கொண்டு பேனாவைத் திறந்து, சுத்தமான எழுத்தில் நிரப்பினாள். முன்: காற்று. பின்: தண்ணீர்.

கி அதைப் படித்தார். அவர் கன்னத்தின் மகிழ்ச்சி திரும்பி வந்தது. "காத்துலேர்ந்து தண்ணிக்கு. மாவட்டத்துலயே முதல் வீடு. இயக்குநர் அடுத்த கூட்டத்துல காத்துக்கும் ஒரு நிமிஷம் மௌனம் வெப்பாரு, பாருங்க." அவளைக் கல்லின்மேல் நிறுத்தி, முஷ்டியை உயர்த்தச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு துண்டும் கொடுத்தார்.

அன்று மாலை ஆறு மணி அடித்தது. தரை பேசவில்லை. ஓக்புன் போர்வையில் சுற்றிய சோற்றுக் கிண்ணத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, முழங்காலை மடக்கிப் பக்கத்தில் படுத்திருந்தாள். ஏழு மணிக்குத் தொட்டுப் பார்த்தாள். கிண்ணம் கைசுடச் சூடாக இருந்தது.

மறுநாள் கொட்டகைக்குப் போய், கதவில் அவர் கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு, '3. காற்று எடுத்தேன்' என்று எழுதினாள். பிறகு, தனக்குப் பின் வருபவர் யாரோ அவருக்காக, தல்சு எழுதாமல் விட்டதையும் எழுதினாள்:

'தீயை அணை. பாய்லருக்குத் திரும்பும் பெரிய குழாயை மூடு. ஒன்று, இரண்டு, நான்கை மூடு. மூன்றை மட்டும் திறந்து வை. வடிகுழாயில் ரப்பரை மாட்டி, அதன் முனையைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்து. தண்ணீர் வரும் குழாயையும் வடிகுழாயையும் திற. குமிழி நிற்கும்வரை காத்திரு. வடிகுழாயை மூடு. மற்ற எல்லாவற்றையும் திற. தீயை மூட்டு. எந்த எரிபொருளானாலும் இதேதான்.'